மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொன்னாய்

மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமா என்று கேட்க மனம் வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

உன் இன்லண்டு லெட்டர் புதன்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் ஆசையாகப் பிரித்தேன். முகூர்த்தப் புடவையை வேலூரில் எடுப்பதா, திருப்பதியிலேயே எடுத்துவிடுவதா என்று கேட்டிருப்பாய் என நினைத்தேன். நீ எழுதியிருந்தது இது: "நைனாவை நாலு நாளைக்கு வெதுருகுப்பத்தில் அத்தை வீட்டில் விட்டுவிடு. பெண் வீட்டாரிடம் மஞ்சள் காமாலை, பத்தியத்தில் இருக்கிறார், பயணம் கூடாது என்று சொல்லிக்கொள்ளலாம். சர்ச்சில் எல்லார் முன்னாலும் அவர் ஏதாவது செய்துவிட்டால் என் மானம் போய்விடும். பரம்பரை நோய் என்று யாராவது கிளப்பிவிட்டால் கல்யாணமே நின்றுபோகும். அம்மா, நீ புரிந்துகொள்வாய்." கடைசி மூன்று சொற்களுக்கு அடியில் கோடு வேறு இழுத்திருந்தாய். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. பின்பக்கம் ஓடிப்போய் சலதாரையில் வாந்தி எடுத்தேன். சத்தம் கேட்டு உன் நைனா எழுந்து வந்தார். இடுப்பில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி மரியாதையாக நின்றார். "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லையா? சோடா வாங்கியாரட்டுமா?" என்றார். நான் அவருடைய மனைவி என்பது அவருக்கு மறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் வாந்தி எடுக்கிறவளுக்கு சோடா வாங்கித் தர வேண்டும் என்பது மறக்கவில்லை. பேங்க் வேலையில் இருக்கிற நீ எதையும் மறக்காதவன். நீ எனக்கு அனுப்பியது அந்த லெட்டர்.

நான் புரிந்துகொள்வேன் என்று எழுதினாயே, அது நிஜம். அதுதான் என்னை அதிகம் கூசவைக்கிறது. இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முழுக் காரணம் நான். நீ மஞ்சள் காமாலை என்கிறாய். உனக்கு முன்னால் நான் டைபாய்டு என்றேன், தலைசுற்றல் என்றேன், வெயிலில் வண்டி ஓட்டியதால் வந்த கண் கோளாறு என்றேன். நீ கேட்டுக்கொண்டுதானே வளர்ந்தாய். அதைவிடப் பெரிய பொய் ஒன்றை உனக்கே சொல்லி வைத்திருக்கிறேன். அதை இன்றைக்கு எடுத்துப் போடாமல் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. பொறுமையாகப் படி.

முதலில் அந்த பஸ் விஷயம். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். நைனா இருபது வருஷமாக சித்தூர் திருப்பதி லைன் ஓட்டியவர். ஒருநாள் காலை வண்டி நிறைய ஆளோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, திருப்பதி ரோட்டுக்குத் திரும்பாமல் கங்காதர நெல்லூர் ரோட்டில் போய்விட்டார். கல்யாணமான புதிதில் அவர் ஓட்டிய லைன் அது. கண்டக்டர் கோவிந்தசாமி முதலில் ஏதோ ரோடு அடைப்பு என்று நினைத்தானாம். மூன்று மைல் போனபிறகு ஜனங்கள் கத்த ஆரம்பித்தார்கள். "அண்ணே, எங்கண்ணே போய்க்கினு கீற?" என்று கோவிந்தசாமி கேட்டதற்கு, நைனா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "தெரியலடா" என்றாராம். அதைச் சொல்லும்போது அவர் அழுததாக கோவிந்தசாமி பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நம் சர்ச்சுக்காரர்களே அதை ஆரம்பித்தார்கள். தன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷனை, வருஷக்கணக்காகக் காணிக்கைப் பை பிடித்தவரை, நற்கருணை அப்பம் வாங்க வர வேண்டாம் என்று சர்ச் மூப்பர் நம் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். போகும்போது நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்குமுன் உன் நைனாவின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். அந்த மூக்கு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஞாயிறு தோறும் அதே மனுஷர் முன்வரிசையில் நின்று பாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டு வாயில் வராது. ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன்? "இவருக்கு மூளையில் ஏதோ கோளாறு, எங்களுக்கு உதவி வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம். "டைபாய்டு காய்ச்சல் மாமா, அதான் தடுமாறிட்டாரு" என்றேன். குடிகாரன் பெண்டாட்டி, பைத்தியக்காரன் பெண்டாட்டி என்ற இரண்டு பெயரும் வேண்டாமென்று மூன்றாவதாக ஒரு பொய்யைத் தேடிக்கொண்டேன்.

வேலை போயிற்று. என் சம்பளத்தில் வீடு நடந்தது. நான் பள்ளிக்கூடம் போனால் அவர் தனியாக இருக்க வேண்டும். இரண்டு முறை ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனார். ஒருமுறை ரயில்வே கேட் வரைக்கும் வெறும் பனியனோடு நடந்து போயிருக்கிறார். அதன்பின் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். உனக்கு அந்தப் பூட்டு ஞாபகம் இருக்கும். திருட்டு பயம் என்று உன்னிடம் சொன்னேன். நீ பி.யு.சி. படிக்க திருப்பதி ஹாஸ்டலுக்குப் போனபின் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை அந்தப் பூட்டு. நடுவில் மத்தியானம் ஓடி வந்து சோறு போட்டுவிட்டு மறுபடி பூட்டுவேன். ஒருநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்று மத்தியானம் வர முடியவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தபோது அவர் கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் கிழிந்திருந்தது. கக்கூசுக்குப் போகும் வழி மறந்து அறையிலேயே போயிருந்தார். போனதை மறைக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. கையால் வாரி வாரிச் சுவரில் பூசியிருந்தார். எங்கள் கல்யாண போட்டோ மாட்டியிருக்கும் இடம் வரைக்கும். நான் நின்ற இடத்திலேயே ஈரத் துண்டை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். ஒரு அடி இல்லை. கை ஓயும் வரை அடித்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. "இல்லீங்க, இல்லீங்க" என்று, யாரோ பெரிய ஆபீசரிடம் சொல்வதுபோலக் கைகூப்பினார். அன்றைக்கு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிச் சுவரைக் கழுவினேன். நாற்றம் போயிற்று. என் கை மட்டும் இன்றைக்கும் அந்தத் துண்டின் கனத்தோடு இருக்கிறது.

பிறகு உன் அத்தை வெதுருகுப்பத்திலிருந்து ஒரு ஜெபக்காரரை அழைத்து வந்தாள். அசுத்த ஆவி என்றார் அவர். நைனாவைத் தரையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெய் ஊற்றி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "வெளியே போ" என்று கத்தினார். நைனாவுக்கு அது தன்னிடம் சொல்வதாகப் பட்டது. எழுந்து வெளியே போகப் பார்த்தார். "புடிங்க, புடிங்க" என்றார் ஜெபக்காரர். உன் அத்தை தோளைப் பிடித்தாள். நான் காலைப் பிடித்தேன். கண்ணில் எண்ணெய் வழிய, மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அத்தை வீட்டில்தான் நாலு நாள் விடச் சொல்கிறாய். அங்கே மாட்டுக் கொட்டகை ஒட்டி ஒரு அறை இருக்கிறது, அதில் வைத்துக்கொள்கிறேன் என்று அவளும் எனக்கு எழுதியிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் எழுதினீர்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். திருப்பதியில் நைனா ஒருநாள் காணாமல் போனாரே, பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் என் கை நழுவிப் போய்விட்டார் என்று உனக்குச் சொன்னேனே, அவர் காணாமல் போகவில்லை. நான் விட்டுவிட்டு வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம் என்று சொல்லித்தான் அவரை அழைத்துப் போனேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் புறப்படும்போதே அவருக்கு நல்ல வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். வயிறு நிறைய இட்லி கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு எதற்கு அந்தக் கவனம்? திருப்பதியில் யாரும் பட்டினி கிடந்து சாவதில்லை, மலைக்கு வருகிற ஜனங்களில் யாராவது சோறு போடுவார்கள், மடமோ சத்திரமோ சேர்த்துக்கொள்ளும் என்று பல நாளாக என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு அந்த மலையோடு சம்பந்தமில்லை. ஆனாலும் அதன் புண்ணியத்தில் என் பாரத்தை இறக்கிவைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பஸ் ஸ்டாண்டில், மலைக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தில், சிமெண்டு பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். "இங்கயே இருங்க. டிக்கெட் வாங்கிக்கினு வந்துடறேன்" என்றேன். "சரி டீச்சர்... சரிம்மா" என்றார். அப்போது பாதி நாள் என்னை அடையாளம் தெரியும். நேராகப் போய் சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. நீ அன்றைக்கு அதே ஊரில், இரண்டு மைல் தூரத்தில், ஹாஸ்டலில் இருந்தாய்.

சந்திரகிரி தாண்டும்வரை எனக்கு எந்த எண்ணமும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் எனக்குப் பல வருஷமாக வந்ததில்லை. பாகாலா வருகிறபோது திடுக்கென்று விழித்தேன். அவர் மேல் இருந்த பிரியத்தால் விழித்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அவர் சட்டைப் பையில் பெயரும் விலாசமும் எழுதிய சீட்டு ஒன்று நான் எப்போதும் வைப்பேன், எங்காவது போய்விட்டால் கண்டுபிடிக்க. அன்று காலையும் பழக்கதோஷத்தில் வைத்திருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். என் கையெழுத்து. போலீஸ்காரன் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகள் முன்னால் நின்றால்? அந்த பயம்தான் என்னை எழுப்பியது. பாகாலாவில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து, திரும்பிப் போனது அவரை மீட்க இல்லை. சீட்டை மீட்க.

போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. பெஞ்சில் அவர் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினால், தூணுக்குப் பின்னால், மொட்டையடித்த ஒரு தெலுங்குக் குடும்பத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இலையில் தயிர்ச்சோறு. நெற்றியில் நாமம். வயதான அம்மா ஒருத்தி அவர் வேட்டி நனைந்திருந்ததைத் தன் துண்டால் மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நைனா, "தோ, வந்துட்டா. நான் சொல்லல?" என்றார். சிரித்தார்.

அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏமம்மா, மனிஷினி வதிலேசி எக்கட போயினாவு?" மனுஷனை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று. அவர்கள் கூட்டத்தார் எல்லாம் ஊருக்கு பஸ் ஏறிப் போய்விட்டார்களாம். இவரைத் தனியாக விட மனமில்லாமல் இந்த அம்மாவும் மகனும் மருமகளும் மட்டும் தங்கிவிட்டார்களாம். சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் எழுதியிருந்ததால் படிக்கத் தெரியவில்லை. பெயர் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊர் கேட்டாலும் தெரியவில்லை. "எங்க ஊட்டுக்காரி டிக்கெட் வாங்கப் போயிருக்கா, வந்துடுவா" என்பதை மட்டும் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பார்க்கிற பெண்ணையெல்லாம் நீதானா என்று கேட்டாராம். நான் அந்த அம்மாவிடம், கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன் என்று தெலுங்கில் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பவில்லை. ஆனாலும் மீதித் தயிர்ச்சோற்றை இலையில் மடித்து என் கையில் கொடுத்தாள். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சித்தூர் வருவதற்குள், நம் ஜனங்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ்ஸிலேயே எச்சில் தொட்டு அந்த நாமத்தை அழித்தேன். ஒருத்தி அன்பாக இட்டதைத் துடைக்கும்போதுகூட என் கவலை சர்ச்சுக்காரர்களைப் பற்றித்தான்.

மறுவாரம் மிஷன் ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் அவரை அழைத்துப் போனேன். அவர் நைனாவைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு மருந்து எங்கிட்ட இல்லம்மா. எங்கயும் இல்ல. நீங்க கடைசியா எப்போ முழுசா தூங்கினீங்க?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பாகாலா பஸ்ஸில் என்று சொல்ல முடியுமா? அழுதேன். "ஒண்டி ஆளா இதச் செய்ய முடியாது. யார் யாரக் கேட்டீங்க?" என்றார். யாரையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கோவிந்தசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, துண்டு, திருப்பதி, சீட்டு. அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டான். என்னைப் பார்த்த பார்வையில் இருந்த அருவருப்பை நான் முழுசாக வாங்கிக்கொண்டேன். "இருவது வருசம் அண்ணன்கூட ஒரே வண்டியில போய்க்கினு வந்துக்கினு இருந்தவன் நானு. எங்கிட்டயே டைபாய்டுன்னு சொன்னீங்களே டீச்சரம்மா" என்றான். "வெக்கமா இருந்துதுப்பா" என்றேன். "வெக்கத்த வெச்சிக்கினு பீ தொடைக்க முடியுமா?" என்றான். டீயைக் கீழே ஊற்றினான். "நாளைலர்ந்து அண்ணன ஏழு மணி வண்டிக்கு ரெடி பண்ணி வையுங்க."

அதற்கப்புறம் நடப்பது உனக்கு மேலோட்டமாகத் தெரியும். லீவுக்கு வந்தால் நீ அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாய், அதனால் எழுதுகிறேன். கோவிந்தசாமி அப்போது கங்காதர நெல்லூர் வண்டிக்கு மாறியிருந்தான். தெரு முனையில் வண்டியை நிறுத்தி அவரை ஏற்றிக்கொள்வான். டிரைவருக்குப் பின் சீட். பதினோரு மணி வரை இரண்டு நடை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சலவைச் சட்டைக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் தாங்கலப்பா, இந்தாள எறக்கு" என்றாராம். "டிக்கெட்ட வாபஸ் வாங்கிக்கங்க சார், நீங்க எறங்குங்க" என்று கோவிந்தசாமி அந்தச் சட்டைக்காரரை நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறான். அதற்காக முதலாளி ஒரு மாதம் நைனாவை வண்டியில் ஏற்றக் கூடாது என்றார். அந்த மாதம் நரகம். பிறகு அவரே மனசு மாறினார். பதினோரு மணிக்கு மேல் தெரு முனை சைக்கிள் கடை பாய் பார்த்துக்கொள்கிறார். மண்ணெண்ணெய்த் தட்டில் சைக்கிள் சக்கரத்துக்குள் போடுகிற பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கொடுத்தால் நைனா மணிக்கணக்காகக் கழுவுவார். பாயைத் தாண்டி அவர் தெருவை விட்டுப் போக முடியாது. மத்தியானம் நான் வந்து சோறு ஊட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவிந்தசாமியின் மனைவி கஸ்தூரி வந்து உட்கார, நான் மூன்று மணி நேரம் தூங்குவேன். இந்தத் தூக்கம் இல்லாவிட்டால் நான் மறுபடி துண்டை எடுப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

கதவிலிருந்து பூட்டு வளையத்தையே பிடுங்கிப் போட்டேன். கக்கூஸ் கதவைக் கழற்றிவிட்டு, தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்புச் சீலை கட்டினேன். கண்ணாடியில் யாரோ ஒரு கிழவன் நின்று முறைக்கிறான் என்று சண்டை போட்டதால் கண்ணாடியைத் திருப்பி மாட்டினேன். விலாசத்தைத் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி, சட்டைக் காலரின் உள்பக்கம் தைத்திருக்கிறேன். பொய்யை விட்ட பின்னால்தான் இதெல்லாம் நடந்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இன்றைக்கும் சில காலைகளில் படுக்கையைச் சுருட்டும்போது எனக்கு அவர் மேல் அருவருப்பு வருகிறது. வந்தால் வரட்டும் என்று கழுவிவிட்டுப் போகிறேன். போன மாதம் அவர் என்னிடம், "டீச்சர், உங்க ஊட்டுக்காரரு எங்க? கண்ணுலயே காணோமே" என்று கேட்டார். "வண்டிக்குப் போயிருக்காருங்க" என்றேன். "நல்ல டிரைவரு. அவரு ஓட்னா நம்பி ஏறலாம்" என்றார்.

போன கிறிஸ்துமசுக்கு நீ சினேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். நைனா வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேக்கை எடுத்தார். அவர் யார் என்று ஒரு பையன் கேட்டான். "எங்கம்மாவுக்கு தூரத்துச் சொந்தம், வீட்ல சும்மா கீறாரு" என்றாய். அடுப்படியில் நின்று கேட்டேன். வந்து உன் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு வந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் நீ இந்த லெட்டரை எழுதினாய். அதனால் இந்த முறை நான் சிரிக்கப் போவதில்லை.

சனிக்கிழமை நானும் நைனாவும் கோவிந்தசாமியும் திருப்பதிக்குப் போனோம். உன்னிடம் சொல்லவில்லை. நேராகப் பெண் வீட்டுக்கு, எஸ்தர் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அப்பா வாசலுக்கு வந்து, மரியாதையாக அழைத்து உட்காரவைத்தார். "காமாலை எறங்கிடுச்சா?" என்று கேட்டார். நீ ஏற்கனவே சொல்லிவிட்டிருக்கிறாய். எனக்கு எழுதுவதற்கு முன்னாலேயே. "காமாலை இல்லீங்க" என்று ஆரம்பித்து முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். நான் திருப்பதியில் விட்டுவிட்டுப் போனதையும் சொன்னேன். நடுவில் நைனா காபியைத் தட்டில் ஊற்றி கோவிந்தசாமிக்குக் கொடுத்தார். பிறகு அவர்களுடைய பிரம்பு நாற்காலியை நனைத்துவிட்டார். நான் என் பையிலிருந்து துணி எடுத்துத் துடைத்தேன். எஸ்தரின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். "இது பரம்பரையா வருமாம்மா?" என்று எஸ்தரின் அப்பா கேட்டார். "தெரியலீங்க. அவரோட நைனா நாப்பது வயசுல பாம்பு கடிச்சு செத்துட்டாரு. இருந்திருந்தா வந்திருக்குமோ என்னமோ" என்றேன். அவர், "யோசிச்சு சொல்றோம்" என்றார். அது அவர்களுடைய உரிமை. மறைத்து ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

கல்யாணம் நடந்தால் நாங்கள் ஐந்து மணி வண்டியில் வருவோம். கோவிந்தசாமியும் கஸ்தூரியும் கூட வருவார்கள். சர்ச்சில் பக்கவாட்டுக் கதவுக்கு அருகில் ஒரு பெஞ்சு வேண்டும், நடுவில் எழுந்தால் அழைத்துப் போக. தண்ணீர் வசதியுள்ள ஒரு அறை வேண்டும், ஒரு ரப்பர் ஷீட்டு வேண்டும். போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவை, சத்தம் வந்தால் நிறுத்தாமல் நடத்தட்டும். நீ அவர் முன்னால் போய் நின்று, நான் யார் தெரிகிறதா என்று பரீட்சை வைக்காதே. "நான் உங்க பையன், இன்னிக்கு எனக்குக் கல்யாணம், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று நீயே சொல்லு. இரண்டு பேரும் வருவோம், இல்லையென்றால் இரண்டு பேரும் வர மாட்டோம்.

நாங்கள் கிளம்பும்போது எஸ்தர் கேட் வரைக்கும் வந்தாள். நைனாவின் செருப்பு இடம் வலம் மாறியிருந்ததைக் குனிந்து மாற்றிவிட்டாள். அவள் கண்ணில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. "அத்தை, மாமாவுக்கு இன்னா ஒடம்புன்னு அவர மூணு வாட்டி கேட்டேன். மூணு வாட்டியும் என் மூஞ்சியப் பாத்துக்கினே காமாலைன்னாரு. எங்கிட்ட ஏன் சொல்லல அவரு?" என்றாள்.

நீயே வந்து சொல்வாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. இதைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னைப் பெற்றவள்.